கோனி ஐலண்டு வீதியில் ஒரு தையற்கடை

நியூயார்க்குக்குப் போய்விட்டு வந்தவர்களைப் பார்த்தால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? "சுதந்திர தேவியின் சிலையைப் பார்த்தாயா? எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சிக்குப் போனாயா?" என்றுதானே? இரண்டையும் பார்த்தேன். கழுத்து வலிதான் கண்ட பலன். அவற்றைப் பற்றி எழுத என்னைக் காட்டிலும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் உங்களை அழைத்துப் போகப் போவது, சுற்றுலாப் பஸ்கள் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு வீதிக்கு. அழகான வீதி என்று பொய் சொல்ல மாட்டேன். கூட வந்தால் ஜிலேபி உண்டு.

நான் தங்கியிருந்தது நியூஜெர்ஸியில் எடிசன் என்ற ஊரில், பெரியம்மா பெண்ணின் வீட்டில். எடிசன் என்பது பெயருக்குத்தான் அமெரிக்கா. கடைத்தெருவில் நடந்தால் கறிவேப்பிலைக் கட்டும் முருங்கைக்காயும் கண்ணில் படும். முதல் நாள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பியபோது அக்கா வாசல் வரைக்கும் ஓடி வந்தாள்.

"கைப்பையில் அந்தக் கடுதாசியை வைத்துக்கொண்டாயோ?"

"எந்தக் கடுதாசி?"

"ஐ-94 அடீ! நேற்று ராத்திரி அத்தான் அச்சடித்துக் கொடுத்தாரே!"

அந்த நாட்டுக்குள் நீங்கள் எந்தத் தேதியில் நுழைந்தீர்கள், எந்தத் தேதி வரைக்கும் தங்கலாம் என்பதைச் சொல்லும் சர்க்கார் சீட்டுக்குப் பெயர் ஐ-94. 1940-ம் வருஷத்தில், உலக யுத்தத்தின்போது, அந்நியர்கள் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்தார்கள். அதன் வழியில் வந்த விதிகள் வெகு காலம் தூங்கிக் கிடந்தன. 2025-ம் வருஷம் ஏப்ரல் 11-ந் தேதியிலிருந்து அவற்றைத் தூசி தட்டி எடுத்து அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். விசா வாங்கி முறைப்படி விமானத்தில் வந்து இறங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சீட்டே பதிவாகிவிடுகிறது. ஆகவே கவலை இல்லை. ஆனால் வெளியே போகும்போது அத்தாட்சியைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

"நம் ஊரில் ரேஷன் கார்டைக்கூட நான் இப்படிச் சுமந்ததில்லை" என்று சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை.

"இது ஒன்றுமே இல்லை. 2002, 2003-ம் வருஷங்களில் நான் இங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த சமயம். பக்கத்து மேஜையில் கராச்சிக்காரர் ஒருவர் இருந்தார். மத்தியான்னம் அவர் கொண்டுவரும் கபாபை நானும், நான் கொண்டுபோகும் புளியோதரையை அவரும்... அது போகட்டும். ஒரு வெள்ளிக்கிழமை 'பதிவு செய்துகொள்ளப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை மேஜை காலி. ஒரு மாதம் கழித்து அவருடைய தேநீர்க் கோப்பையை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நீ பத்திரிகைக்காரிதானே? புரூக்ளினில் கோனி ஐலண்டு அவென்யூ என்று ஒரு வீதி இருக்கிறது. அங்கே போய் விசாரித்துப் பார்."

கோப்பையைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னைக் கிளப்பியது.

போவதற்கு முன் விஷயத்தைக் கொஞ்சம் படித்துக்கொண்டேன். நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. 2001 செப்டம்பர் 11-ல் நடந்த பயங்கரத்துக்குப் பிறகு, மறு வருஷமே அமெரிக்க சர்க்கார் ஒரு விசேஷப் பதிவுத் திட்டம் கொண்டுவந்தது. குறிப்பிட்ட சில நாடுகளின் பிரஜைகள் உள்ளே நுழையும்போதே கைரேகை, புகைப்படம், விசாரணை. அதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே உள்ளே வந்து, படித்துக்கொண்டோ வேலை செய்துகொண்டோ இருந்தவர்களிலும் பதினாறு வயது பூர்த்தியான ஆண்கள் அனைவரும், குறித்த கெடுவுக்குள் குடியேற்ற இலாகா ஆபீஸுக்குத் தாமாகவே வந்து ஆஜராக வேண்டும் என்று உத்தரவாயிற்று. நிரந்தரமாகத் தங்க அனுமதிச் சீட்டு வாங்கியவர்களுக்கு விலக்கு. பெண்களுக்கும் விலக்கு.

முதல் தவணையில் இரான், இராக், லிபியா, சூடான், சிரியா. 2002 டிசம்பர் 16-ந் தேதி கெடு. பிறகு பதின்மூன்று நாடுகள். பிறகு பாகிஸ்தானும் சவுதி அரேபியாவும். அதற்கும் பிறகு வங்காள தேசம், எகிப்து, இந்தோனேஷியா, ஜோர்டான், குவைத். மொத்தம் 25 நாடுகள். வட கொரியாவைத் தவிர மற்றவை எல்லாம் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் நாடுகள். ஆர்மீனியாவின் பெயரையும் நடுவில் சேர்த்தார்கள். கூக்குரல் எழுந்ததும் சில நாட்களுக்குள் எடுத்துவிட்டார்கள். இந்தியாவும் இலங்கையும் ஜாபிதாவில் இல்லை. அதனால்தான் நம் வீடுகளில் இந்தச் சங்கதி அவ்வளவாகப் பேசப்படவில்லை போலும்.

முதல் கெடு நாளன்றே லாஸ் ஏஞ்ஜல்ஸ் பிராந்தியத்தில் பதிவுக்குப் போன நூற்றுக்கணக்கானவர்களை, பெரும்பாலும் இரானியர்களை, பிடித்து அடைத்துவிட்டார்கள். விசாத் தேதி தாண்டிவிட்டது, மனு இன்னும் முடிவாகவில்லை என்கிற மாதிரியான காரணங்கள். திருடன் கைதாவது வழக்கம். தானாக வந்து கதவைத் தட்டியவன் கைதானது அங்கே புதுமையாக இருந்தது. இப்படி ஆஜரானவர்கள் ஏறக்குறைய 83,000 பேர். அவர்களில் 13,000 பேருக்கு மேல் நாட்டைவிட்டு அனுப்பும் வழக்கில் சிக்கினார்கள். பயங்கரவாதக் குற்றம் ருசுவாகித் தண்டனை அடைந்தவர் ஒருவரும் இல்லை.

புள்ளி விவரம் போதும். ரயில் ஏறுவோம்.

மன்ஹாட்டனில் 'க்யூ' ரயிலைப் பிடித்தேன். பூமிக்கடியிலிருந்து திடீரென்று மேலே வந்து, பெரிய பாலத்தின் மேல் ஆற்றைக் கடக்கிறது. இரண்டு நிமிஷ நேரம் வண்டி முழுவதும் வெயில். அப்புறம் மறுபடியும் இருட்டு. நியூகர்க் பிளாஸாவில் இறங்கி மேற்கே நடந்தால் கோனி ஐலண்டு அவென்யூ. பிராஸ்பெக்ட் பூங்காவின் மூலையில் புறப்பட்டுக் கடற்கரை வரைக்கும் தெற்கே சுமார் ஐந்து மைல் நீள்கிற வீதி. பெயர்தான் கோனி ஐலண்டே தவிர, போய் முடிவது பக்கத்துக் கடற்கரையான பிரைட்டன் பீச்சில். வழி நெடுகிலும் மோட்டார் பழுது பார்க்கும் கொட்டகைகள், பெட்ரோல் பங்குகள், எண்ணெய்க் கறை. அன்றைக்கு மண்ணடியின் நினைவு எனக்கு வந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சற்று நடந்தால் காட்சி மாறுகிறது. பலகைகளில் உருது எழுத்து. கண்ணாடிக்குப் பின்னால் ஜிலேபிக் குவியல், மஞ்சளும் பச்சையுமாக பர்பி. ஹலால் இறைச்சிக் கடை, வெளியூருக்குப் பணம் அனுப்பும் கடை, ஜரிகை துப்பட்டாக்கள் தொங்கும் ஜவுளிக் கடை, மக்கி மசூதி. 'சின்ன பாகிஸ்தான்' என்று இந்த இடத்துக்குப் பெயர். சமீப வருஷங்களில் வீதியின் ஒரு பகுதிக்கு முகம்மது அலி ஜின்னாவின் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். இங்கேயே பி-68 பஸ்ஸில் ஏறித் தெற்கே போனால் உருதுப் பலகைகள் முடிந்து எபிரேயம் வரும். அதுவும் முடிந்து ருஷ்ய எழுத்து வரும். ஒரே டிக்கெட்டில் மூன்று தேசம்!

யாரிடம் போய், எப்படி விசாரிப்பது? "உங்கள் வீட்டில் யாரையாவது நாடு கடத்தினார்களா?" என்று கேட்டுக்கொண்டு வாசல் வாசலாக ஏற முடியுமா? ஜிலேபி வாங்கித் தின்றுகொண்டே இரண்டு தரம் நடந்தேன். மூன்றாவது தரம் ஒரு தையற்கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பேட்டி! இங்கே வா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பேட்டி காணத்தான் வந்திருக்கிறேன் என்று இந்த அம்மாளுக்கு எப்படித் தெரிந்தது? பிறகுதான் உறைத்தது. அவர்கள் பாஷையில் 'பேட்டி' என்றால் மகள்.

அறுபது வயசுக்கு மேல் இருக்கும். மூக்குக் கண்ணாடி, கழுத்தில் அளவு நாடா. கண் என் முகத்தில் இல்லை, ரவிக்கையில் இருந்தது. நான் கட்டியிருந்தது மதுரைச் சுங்குடி. ரவிக்கைக் கழுத்தைச் சுற்றி மெல்லிய குழாய்க்கரை வைத்துத் தைத்தது. "இதை யார் தைத்தது? இவ்வளவு ஒல்லியாக எப்படிப் பிடித்தான்?" என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஹிந்திப் பிரசார சபையில் பிரவேஷிகா பாஸ் செய்த பிற்பாடு என் ஹிந்திக்கு அன்றுதான் முதல் முறையாக உயிர் வந்தது. அந்த அம்மாளை நான் 'காலா' என்று கூப்பிட்டேன். சித்தி என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைக்கு முக்காலி கிடைத்தது; ஏலக்காய்த் தேநீரும் வந்தது.

நான் வந்த காரியத்தை ஒளிக்காமல் சொன்னேன். காலா சிறிது நேரம் பேசாமல் ஊசியில் நூல் கோத்தாள்.

"என் அம்மா டில்லிக்காரி" என்று ஆரம்பித்தாள். "பிரிவினையின்போது லாகூருக்கு வந்தவள். வயசான காலத்தில் பிறந்த வீட்டை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று டில்லிக்குப் போனாள். போன மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பதிவு செய்தாள். திரும்பும்போதும் அப்படித்தான். அதைப் பற்றி அவள் குறையே சொன்னதில்லை. இரண்டு தேசத்துக்கும் சண்டை, கேட்கத்தானே கேட்பார்கள்? ஆனால் இந்த ஊரோடு எங்களுக்கு என்ன சண்டை?"

எனக்குச் சுருக்கென்றது. அமெரிக்காவைப் பற்றி எழுத வந்தவளுக்கு நம் வீட்டுச் சமாச்சாரம் மறந்து போயிருந்தது. லாகூர்க்காரர் டில்லிக்கு வந்தாலும் சரி, நம்மவர் கராச்சிக்குப் போனாலும் சரி, வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் ஆஜராக வேண்டும், விசாவில் எழுதிய ஊர்களைத் தாண்டி அடி வைக்கக் கூடாது என்பது இரு நாடுகளிலும் நெடுங்காலமாக இருந்து வந்த ஏற்பாடு.

காலாவின் புருஷர் தையற்காரர். 1992-ல் மனைவியோடும் ஆறு வயசுப் பையனோடும் விருந்தாளி விசாவில் வந்தார், தங்கிவிட்டார். வந்த வருஷமே இங்கே ஒரு பெண் பிறந்தது. இந்த மண்ணில் பிறந்ததால் அது அமெரிக்கப் பிரஜை. மற்ற மூவருக்கும் விசாத் தேதி எப்போதோ தாண்டிவிட்டது. வேலை அனுமதிக்கு மனுப் போட்டிருந்தார்கள். அது ஏதோ ஒரு மேஜையில் இருந்தது. தவறு இல்லை என்று காலா சாதிக்கவில்லை. "விதியை மீறித்தான் இருந்தோம். ஆனால் பத்து வருஷமும் வரி கட்டினோம். ரசீது இருக்கிறது" என்றாள்.

2003-ம் வருஷம் ஆரம்பத்தில் உத்தரவு தெரிய வந்தது. மசூதி வாசலில் ஒட்டியிருந்ததாம். பையனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. புருஷர், பையன் இருவர் பெயரும் விழுந்தது. போவதா, வேண்டாமா? வீதி முழுவதும் ராத்திரி பகலாக இதே பேச்சு. போகாமல் இருந்தால் குற்றம். போனால் பிடித்துக்கொள்ளலாம். எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு நாள் இரவு படுக்கையையும் குழந்தைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கனடா எல்லைக்கு ஓடினார்கள். அப்படி ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில். ஜனவரிக் கடைசியில் கனடாக்காரர்கள், "இப்போது போய், குறித்த தேதியில் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பத் தொடங்கவே, கடும்பனியில் எல்லையோர ஊர்களின் தரும விடுதிகள் நிரம்பி வழிந்தன. திரும்பி வந்த ஆண்களில் சிலரை அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே பிடித்துக்கொண்டார்கள்.

"பையனையாவது வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று காலைப் பிடித்தேன். அவர் கேட்கவில்லை. 'என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்வோம். செய்தவனை என்ன செய்துவிடுவார்கள்?' என்றார்."

பாகிஸ்தானியர்களின் கெடுவைப் பிப்ரவரியிலிருந்து மார்ச் 21-ந் தேதிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் விடியுமுன் மூவரும் மன்ஹாட்டனுக்குப் போனார்கள். இலக்கம் 26, ஃபெடரல் பிளாஸா. நாற்பது மாடிக்கு மேல் உயர்ந்த சர்க்கார் கட்டடம். நானும் போய் அதன் வாசலில் நின்று பார்த்தேன். சென்னையில் வெளிநாட்டவர் பதிவு ஆபீஸ் இருக்கும் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனுக்கும் இலக்கம் 26 என்பது என்ன பொருத்தமோ! வரிசையில் நின்றவர்கள் ஆண்கள். எதிர்ச்சாரியில் ஃபிளாஸ்க்கும் கையுமாக நின்றவர்கள் பெண்கள். பெண்களை அந்த உத்தரவு கூப்பிடவில்லை. காலாவின் விசாவும் அதே நாளில்தான் தாண்டியது. ஆனாலும் அவளை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. குளிரில் நிற்க மட்டும் விட்டார்கள்.

உள்ளே சத்தியப் பிரமாணம் வாங்கிக்கொண்டு கேட்டார்களாம்: எங்கே வேலை? எந்த பாங்கியில் கணக்கு? தகப்பனார் பெயர், தாயார் பெயர், சிநேகிதர் பெயர்? கைரேகை, புகைப்படம். காலையில் போன இருவரும் நடு இரவில் வெளியே வந்தார்கள். கையில் ஆளுக்கொரு காகிதம். கோர்ட்டில் ஆஜராக வேண்டும் என்ற நோட்டீஸ்.

வழக்கு ஒரு வருஷம் நடந்தது. தாமாகவே புறப்பட்டுப் போக நீதிபதி அவகாசம் கொடுத்தார். 2004-ல் தகப்பனும் பிள்ளையும் லாகூருக்கு விமானம் ஏறினார்கள். அப்போதும் ஒரு விதி உண்டு. பதிவானவர்கள் குறிப்பிட்ட விமான நிலையங்கள் வழியாகத்தான் போகலாம், போகும்போதும் ஆஜராகிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தவறினால் பின்னால் நுழைய முடியாது. சரியாகப் போனாலும், ஒரு வருஷத்துக்கு மேல் கெடு தாண்டித் தங்கினவர்களுக்குப் பத்து வருஷம் கதவு அடைப்பு.

காலா போகவில்லை. போயிருந்தால் அவளுக்கும் அதே பத்து வருஷம். பெண்ணின் படிப்பு போய்விடும். அன்று வரைக்கும் அவர் வெட்டுவார், அவள் தைப்பாள். அப்புறம் வெட்டுவதும் அவளே. வீதியில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தனவாம். ஈத் சமயத்தில்கூட வாடிக்கை இல்லை. "வாடகைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "பக்கத்து யூத வீதிகளிலிருந்து பாவாடை நீளம் சரி செய்யச் சொல்லிக் கொண்டுவருவார்கள். அது சோறு போட்டது" என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் டெலிபோன் கார்டு வாங்கி லாகூரோடு பேசுவாள். பிள்ளை அழுதானாம், உருது படிக்கத் தெரியவில்லை என்று. அந்த ஊர்ப் பிள்ளைகள் அவனை 'அமெரிக்கன்' என்று கூப்பிட்டார்களாம்.

பெண்ணுக்கு இருபத்தொன்று முடிந்ததும் தாய்க்கும் தகப்பனுக்கும் மனுப் போட்டாள். தாய்க்கு அனுமதி கிடைத்தது. தகப்பனார் 2015-ல் திரும்பி வந்தார். பன்னிரண்டு வயசில் விட்டுப் போன பெண் கார் ஓட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போனாளாம். பிள்ளை துபாயில் உத்தியோகம் பார்க்கிறான். "வா என்றால் வரமாட்டேன் என்கிறான், பேட்டி. நான்தான் அங்கே போகிறேன்." நூலைப் பல்லால் கடித்தாள் காலா.

அந்தச் சமயம் உள்ளே திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது. வெண்தாடியோடு ஒரு பெரியவர் வந்து எனக்கு சலாம் சொன்னார். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! காலா ஏதோ சொல்ல, அவர் வெட்டு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நீல ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார். 1992 முதல் சேர்ந்த காகிதங்கள். வாடகை ரசீது, மின்சார ரசீது, வரி கட்டிய சீட்டு, பையனின் பள்ளிக்கூட மார்க் அட்டை. எல்லாவற்றுக்கும் கண்ணாடிக் காகித உறை போட்டிருந்தது.

"2011-ல் அந்த ஜாபிதாவை எடுத்துவிட்டார்களே! 2016 டிசம்பரில் விதியையே ரத்து செய்துவிட்டார்களே!" என்றேன், படித்துவிட்டு வந்த தைரியத்தில்.

"பெண்ணும் டெலிபோனில் படித்துக் காட்டினாள். 'தூக்கிப் போடுங்கள் அப்பா' என்றாள்" என்றார் பெரியவர். ஃபைலை வாங்கி, ஓரம் மடங்கியிருந்த ஒரு ரசீதை நீவிவிட்டு, மறுபடியும் மேஜைக்கு அடியிலேயே வைத்தார்.

காலா அதற்குள் நாடாவை என் தோளில் போட்டுவிட்டாள். இதே மாதிரி குழாய்க்கரை வைத்து ஒரு ரவிக்கை தைத்துத் தருகிறாளாம். என்றைக்கு ஊருக்குப் புறப்படுகிறாய்? வியாழக்கிழமையா? அப்படியானால் புதன்கிழமை வா. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து என் பெயரைக் கேட்டாள், விலாசம் கேட்டாள், டெலிபோன் இலக்கம் கேட்டாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பிறகு, "சந்தேகப்படாதே, இது ரவிக்கைக்குத்தான்" என்றாள். பெரியவர் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

புதன்கிழமை போனேன். கூலி வாங்க மறுத்துவிட்டார்கள். பர்பிப் பொட்டலம் வேறு. ரவிக்கை கச்சிதமாகத்தான் இருக்கிறது. தோள் மட்டும் சற்று இறுக்கம். மயிலாப்பூர்த் தையற்காரரிடம் காட்டினேன். குழாய்க்கரையைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "வெளியூர்க் கையாக இருக்கிறதே, யார் தைத்தது?" என்று கேட்டார்.